புதுப்பிப்பு: ரிஃப்ட்பார்னின் மந்தமான ஆரம்பம்

எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2 என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் ரிஃப்ட்பார்ன் என்ற இனம் ஏன் ஆமை வேகத்தில் கிளம்புகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். "எடுத்ததும் கப்பல் போடாதீங்கண்ணா" என்றார் பாலக்கோட்டுத் தம்பி ஒருவர். அவர் சொன்னது பலித்தது.

மற்ற இனங்களைப் போல ரிஃப்ட்பார்ன் உணவால் பெருகுவதில்லை. ஒவ்வொரு ஆளையும் உற்பத்தி செலவழித்துக் கட்டணும். கட்டடம், கப்பல், ஆள் எல்லாம் ஒரே உற்பத்தி வரிசையில்தான் நிற்கணும். ஞாயிற்றுக்கிழமை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல் பஸ்ஸுக்கு முண்டுகிற கூட்டம்தான்! அதனால் முதலில் உற்பத்தியைக் கூட்டும் கட்டடம், பிறகு ஆள், கப்பல் கடைசியில். பச்சைப் பசேலென்ற கிரகத்தைப் பார்த்து மயங்காதீங்க, இவர்களுக்கு வறண்ட பூமிதான் வாகு. பக்கத்துச் சிறு இனங்களைச் சேர்த்துக்கொண்டால் அவர்கள் உணவிலேயே பெருகுவார்கள், வரிசைக்குப் பாரமில்லை.

நேரத்தை வேகமாகவோ மெதுவாகவோ ஓடவைக்கும் காலக் குமிழி வித்தையெல்லாம் ஆரம்பத்தில் வேண்டாம் என்பது என் கட்சி. தம்பி இதை ஒத்துக்கொள்ளவில்லை.