சுவரில் மாட்டிய மீன்தொட்டி லைட் ஹூட் முன்பக்கம் தொங்குகிறது, என்ன செய்யலாம்?

குளச்சல்காரன்:
மூன்றடித் தொட்டி (90 × 45 × 45 செ.மீ.). கண்ணாடி மேல் பாரம் வேண்டாம் என்று லைட் ஹூட்டைத் தனியாகச் சுவரிலேயே மாட்டினேன். 12 மி.மீ. பிளைவுட் பெட்டி, உள்ளே மூன்று வரிசை 12 வோல்ட் எல்ஈடி ஸ்டிரிப். மொத்தம் 9 கிலோ. அடியில் இரண்டு எல் பிராக்கெட், நான்கு ஸ்க்ரூ. முதல் மாதம் ஒழுங்காக நின்றது. இப்போது முன்விளிம்பு இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டது, மேல் ஸ்க்ரூ வெளியே எட்டிப் பார்க்கிறது. போதாக்குறைக்கு ஒரு வரிசை விட்டு விட்டு எரிகிறது. பெரிய ஸ்க்ரூ போட்டால் போதும் என்கிறார் ஆசாரி. போதுமா?

தக்கலை மரவேலை:
பிராக்கெட்டில் சுவரோடு ஒட்டும் கால் எவ்வளவு நீளம்? துளை போட்டபோது என்ன நிறத்தில் பொடி விழுந்தது?

குளச்சல்காரன்:
கால் 8 செ.மீ. பொடி வெள்ளையும் சாம்பலுமாக இருந்தது. தாத்தா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் அப்பா சிமெண்டும் பூசினார்.

தக்கலை மரவேலை:
அப்போ ஸ்க்ரூவுக்காகத் துளைக்குள் இறக்கிய பிளக் செங்கலைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் சிவப்புப் பொடி வந்திருக்கும். வெறும் பூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதில் எவ்வளவு தடித்த ஸ்க்ரூ போட்டாலும் காரையோடு சேர்ந்துதான் வரும்.

9 கிலோ ஒரு பாரமே இல்லை, நெம்புகிற தூரம்தான் வில்லங்கம். பெட்டியின் எடை சுவரிலிருந்து சுமார் 25 செ.மீ. தள்ளி இருக்கிறது. 9 × 25 ÷ 8 போட்டுப் பாருங்கள், 28 வரும். மேல் ஸ்க்ரூ இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 28 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். கால் 30 செ.மீ. நீளமாக இருந்தால் அதே இழுப்பு ஏழரை கிலோதான்.

அதைவிட எளிய வழி, ஹூட்டின் முன் மூலை இரண்டிலிருந்தும் சுவரின் மேல்பக்கத்துக்கு 45 டிகிரி சாய்வில் ஸ்டீல் கம்பிவடம் கட்டுவது. இரண்டு வடத்துக்கும் சேர்த்து ஆறரை கிலோ அளவுதான் இழுப்பு வரும். பிராக்கெட்டுக்கு நெம்பல் போய்விடும். புதுத் துளையைச் சிவப்புப் பொடி வந்த பிறகும் 5 செ.மீ. உள்ளே கொண்டுபோங்கள். பழைய செங்கல் என்பதால் டிரில்லில் ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் போடுங்கள், நீளமான நைலான் பிளக் இறக்குங்கள். விரியும் இரும்பு ஆங்கர் வேண்டாம், கல்லைப் பிளந்துவிடும். கடல்காற்று அடிக்கும் இடம், வடமும் ஸ்க்ரூவும் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஆக இருந்தால் நல்லது.

வயரிங் அண்ணன்:
விட்டு விட்டு எரிவது வேறு கதை. எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) ஹூட்டுக்குள் இருந்தால் முதலில் அதை வெளியே, தொட்டியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். தொட்டியிலிருந்து எழும் ஈரம் முழுக்க அங்கேதான் தேங்கும். ஸ்டிரிப்பை எந்த சிலிக்கான் வைத்து ஒட்டினீர்கள்? வினிகர் வாடை அடிக்கும் வகை என்றால் அது செம்பை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான் வாங்குங்கள். ஸ்டிரிப்பை மரத்தில் ஒட்டாமல் அலுமினிய சேனலில் ஒட்டினால் சூடும் இறங்கும். வயர் கரண்ட் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

குளச்சல்காரன்:
பத்து நாளாகிறது, ஹூட் மட்டமாக நிற்கிறது. சிவப்புப் பொடி 4 செ.மீ. தாண்டித்தான் வந்தது! விட்டு விட்டு எரிந்த வரிசையில் சோல்டர் முனை பச்சை பிடித்துக் கிடந்தது. வினிகர் சிலிக்கான்தான், ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று: இந்த வேலையோடு ஹூட்டை 20 செ.மீ. உயர்த்தினேன், நேற்றிரவு மிஸ் கேரளா மீன் ஒன்று குதித்துத் தரையில் கிடந்தது. தொட்டி மேல் வலை போட்டால் வெளிச்சம் குறையுமா?

தக்கலை மரவேலை:
அந்த மீன் குதிக்கத்தான் செய்யும். நிறமில்லாத நைலான் வலை, கண் ஒரு செ.மீ. போதும், வெளிச்சம் பெரிதாகக் குறையாது. அதுசரி மக்கா, மீன்பிடி ஊரான குளச்சலில் இருந்துகொண்டு வலைக்கு இங்கே வந்து கேட்பதா?