ஆச்சியின் பேச்சைத் திருத்தலாமா? மாணவர் கதைகளில் வட்டார வழக்கு

தாமிரபரணி:
என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஒன்பதாவது படிக்கிறாள், போட்டிக்குக் கதை அனுப்பினாள். மழையில் நனைந்து வந்த பேத்தியிடம் ஆச்சி கேட்கிறாள்: "ஏட்டி, ஈரத்துணியோட எதுக்கு நிக்க?" நடுவர் அதை அடித்துவிட்டு, "ஏன் பெண்ணே ஈர உடையுடன் நிற்கிறாய்?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். "எங்க ஆச்சி இப்படிப் பேச மாட்டாளே டீச்சர்" என்கிறாள். என்ன பதில் சொல்ல?

நொய்யல்கரை:
அந்தத் திருத்தம் மோசம், சரி. ஆனால் நடுவரின் கவலை நியாயமானது டீச்சர். நான் கோயமுத்தூர்க்காரன். 'நிக்க' என்பதை முதலில் 'நிற்பதற்கு' என்றுதான் படித்தேன். 'நிக்கிற' என்றிருந்தால் எல்லா ஊருக்கும் புரியும். கி. ராஜநாராயணனே 1982இல் கரிசல் வழக்குக்கு அகராதி போட வேண்டியிருந்ததே?

தாமிரபரணி:
அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா அவர் கதைகளைப் படித்தோம்? புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு செயலை வைத்தால் போதும். "கஞ்சிக்கு என்ன வெஞ்சனம்?" என்று அப்பா கேட்க, அம்மா சுட்ட கருவாட்டை எடுத்து வைத்தாள். வெஞ்சனம் என்னவென்று இப்போது உங்களுக்கும் தெரியும். அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போட்டால்தான் கதை அறுந்துபோகும். 1930களில் மணிக்கொடி இதழ் சென்னையிலிருந்து வந்தது. அதில் எழுதிய புதுமைப்பித்தன் தன் பாத்திரங்களை நெல்லைத் தமிழ் பேசவிடத் தயங்கவில்லை.

வைகைக்கரை:
பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். வட்டார வழக்கு என்றதும் ஆச்சி, பஸ் கண்டக்டர், தலைமையாசிரியர் எல்லாரையும் ஒரே மாதிரி பேச வைத்துவிடுகிறார்கள். பேசுகிறவர் பெயரை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்வேன். யார் பேச்சு என்று தெரியவில்லையா, திரும்ப எழுது. அப்புறம், வீட்டில் பெரியவர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கவனிக்கச் சொல்வேன். என் பாட்டி ஒருநாளும் "சாப்பிட வா" என்றதில்லை. "சோறு ஆறுது" என்பாள், அவ்வளவுதான்.

நொய்யல்கரை:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். "சோறு ஆறுது" எந்த ஊரிலும் புரியும், பாட்டியும் கண்முன் வந்துவிடுகிறாள். ஆள் தெரிவது பேசும் தோரணையில். உச்சரிப்பை அப்படியே எழுத்தில் பிடிக்கப் போனால் பிள்ளைகள் ஒரே பக்கத்தில் 'வந்திட்டு', 'வந்துட்டு' என்று இரண்டு விதமாக எழுதித் தடுமாறுகிறார்கள்.

தாமிரபரணி:
தோரணை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 'நிக்கிற' என்று எழுதினால் அது வேறு ஊர் ஆச்சி. கதையில் அடுத்த வரியிலேயே ஆச்சி தன் முந்தானையால் பேத்தியின் தலையைத் துவட்டுகிறாள். நீங்கள் ஒரு சொல்லில் இடறினாலும் அந்த முந்தானை பிடித்துக்கொள்ளும். பழைய வரியையே வைக்கச் சொல்லப்போகிறேன்.

நொய்யல்கரை:
முந்தானை வரியை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அந்த 'நிக்க' இருக்கட்டும். முழுக்கதையையும் இங்கே போடுங்கள். எந்த இடத்தில் எனக்குப் புரியாமல் போகிறது என்று வரி வரியாகக் குறித்துத் தருகிறேன்.