பழைய காருக்குத் த்ராட்டில் சென்சார் எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. அப்பா ஆசையாக வாங்கிய 1996 மாடல் சொகுசு கார், கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் நின்றுபோய்க் கிடக்கிறது. சிக்னலில் நின்றால் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கி அணைந்துவிடும்.

கோளாறு த்ராட்டில் சென்சாரில்தான் என்று மெக்கானிக் அண்ணன் மல்டிமீட்டர் வைத்துக் காட்டினார். இன்ஜினுக்குள் காற்று விடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வோல்ட்டாகச் சொல்லும் பாகம் அது. த்ராட்டிலை மெதுவாகத் திறந்தால் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வரை சீராக ஏற வேண்டும். எங்கள் சென்சாரில் நடுவே ஓரிடத்தில் பொத்தென்று பூஜ்ஜியத்துக்கு விழுகிறது. உள்ளே கார்பன் தடம் தேய்ந்துவிட்டதாம். கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருந்தது, எல்லாம் கடல் காற்று உபயம். சுத்தம் செய்தும் பலனில்லை.

புதுச்சேரியில் கேட்ட கடைகளில் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் கிடைக்கலாம் என்கிறார்கள். அதற்கும் இதே வயசுதானே? புதிதாகவே வேண்டும். பாக எண் படத்தில் இருக்கிறது. சமீபத்தில் வாங்கியவர்கள் கடையும் விலையும் சொல்லுங்கள். அப்பா தினமும் கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடுகிறார்.