விடாத மழையும் குளிரும்: உருளைக்கிழங்கைக் காப்பது எப்படி?

கேள்வி: நீலகிரி கேத்தியில், எங்கள் குடும்பத்தின் ஒன்றரை ஏக்கரில் சித்திரையில் உருளைக்கிழங்கு நட்டோம். வெயிலே தலைகாட்டாததால், இலை நுனிகளில் நீர் கோத்த கரும்பழுப்புப் புள்ளிகளும், காலையில் இலையின் அடியில் வெண்பூஞ்சணமும் தெரிகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1: இது பின்பருவ இலைக்கருகல் நோய், ஈரம் காயாமல் 15 முதல் 20 டிகிரி வெப்பநிலை நீடித்தால், சில நாட்களிலேயே தோட்டம் முழுவதும் பரவிவிடும். மழை விட்ட நேரத்தில், லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை ஒட்டும் திரவத்துடன் கலந்து, இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். அது மற்ற இலைகளைக் காக்குமே தவிர, கருகியதை மீட்காது. நோய் கண்டு பிடுங்கிய செடிகளை வரப்பில் போடாதீர்கள். என் தந்தையார் அப்படிப் போட்டுத்தான் அடுத்த பாத்தியையும் இழந்தார்.

பதில் 2: மருந்துக்கு முன்பே வடிகாலைச் சரிசெய்யுங்கள். செடியைச் சுற்றி மண்ணை உயர்த்தி அணைத்தால், மழைநீரோடு இறங்கும் பூஞ்சை வித்துகள் கிழங்கை எட்டுவது குறையும்.

கேட்டவர்: நன்றி. நாளை காலை மண் அணைக்கத் தொடங்குகிறோம்.