இங்கிலாந்தில் வாடகை வீட்டிலிருந்து கேட்டரிங் தொடங்க எந்தெந்த அனுமதிகள் தேவை?

கேள்வி

வணக்கம். என் கணவர் ஸ்கில்ட் வொர்க்கர் (திறன்சார் பணியாளர்) விசாவிலும், நான் அவருடைய டிபென்டன்ட் (அவரைச் சார்ந்து வாழும் குடும்பத்தினருக்கான) விசாவிலும் இரண்டு ஆண்டுகளாக இங்கிலாந்தில் வசிக்கிறோம். பிறந்தநாள், வளைகாப்பு போன்ற சிறு விசேஷங்களுக்கு 30, 40 பேருக்கு வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்க விரும்புகிறேன். தெரிந்தவர்கள் வற்புறுத்திக் கேட்டதால் ஏற்கெனவே மூன்று முறை பணம் பெற்றுக்கொண்டு சமைத்தும் கொடுத்துவிட்டேன். லைசென்ஸ் இல்லாமல் ஒரு பவுண்டு கூட வாங்கக் கூடாது, அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும் என்று ஒருவர் எச்சரிக்கிறார். வீட்டுச் சமையலுக்கு எதுவுமே தேவையில்லை என்கிறார் இன்னொருவர். இரவில் தூக்கம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

சகோதரி, அவர்கள் இருவர் சொன்னதும் தவறு. இங்கே நீங்கள் பெற வேண்டியது லைசென்ஸ் அன்று, பதிவு. உணவுத் தொழில் தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன்னர் உங்கள் பகுதி கவுன்சிலில் (உள்ளாட்சி அமைப்பில்) பதிவு செய்ய வேண்டும் என்பதே சட்டம். அதற்குக் கட்டணம் இல்லை. கவுன்சில் அதை மறுக்கவும் முடியாது. ஆனால் பதிவு செய்யாமல் தொழில் நடத்தினால் அபராதமோ, இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆகவே இன்றைக்கே இணையத்தில் படிவத்தை நிரப்புங்கள். நடந்த மூன்று ஆர்டர்களை மறைக்க வேண்டாம். 28 நாட்கள் கழியும் வரை புதிய ஆர்டர் எதையும் ஏற்கவும் வேண்டாம்.

அதற்கும் முன்னால் இணையத்தில் இருக்கும் உங்கள் விசாப் பதிவான ஈ-விசாவைத் திறந்து, வேலை குறித்த நிபந்தனையை ஒரு முறை படித்துப் பாருங்கள். ஸ்கில்ட் வொர்க்கரின் டிபென்டன்ட் சுயதொழில் செய்யலாம். மாணவர் விசாவில் இருப்பவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூடச் சுயதொழில் செய்யக் கூடாது. இதைத் தெரியாமல் தொடங்கி, விசாவுக்கே ஆபத்து தேடிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வாடகை ஒப்பந்தத்தில் வீட்டில் தொழில் செய்யக் கூடாது என்ற விதி இருந்தால், வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் பெற்றுக்கொள்ளுங்கள்.

பதில் 2

நான் ஆறு ஆண்டுகளாக வீட்டிலிருந்து சமைத்துக் கொடுக்கிறேன். பதிவைவிட அதிகமாக நீங்கள் கவலைப்பட வேண்டியது ஒவ்வாமை விஷயத்தைப் பற்றித்தான். இங்கே சட்டம் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பட்டியலிட்டிருக்கிறது. நம் தாளிப்பில் விழும் கடுகும் எள்ளும் அதில் உண்டு; பால், கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, மீன், இறால், முட்டை, சோயா ஆகியவையும் உண்டு. தேங்காய் அந்தப் பட்டியலில் இல்லை.

கவுன்சில் அதிகாரி சமையலறையைப் பார்க்க வந்த என் முதல் ஆய்வின்போது நடந்ததைச் சொல்கிறேன். எந்த உணவில் எந்த ஒவ்வாமைப் பொருள் என்று காட்டும் அட்டவணையில், சாம்பாருக்கு எதிரே கடுகு என்று மட்டும் எழுதி, கோதுமைக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். வந்த அதிகாரி அலமாரியிலிருந்த பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பிக் காட்டினார். சேர்மானங்களில் கோதுமை மாவு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அத்தனை காலமும் கோதுமை ஆகாதவர்களுக்கும் அந்தச் சாம்பாரை நம்பிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து, புதிய பாக்கெட் எது வாங்கினாலும் பின்புறத்தைப் படித்த பிறகே அலமாரியில் வைக்கிறேன்.

ஆர்டர் எடுக்கும்போது பணம் வாங்குவதற்கு முன்பும், உணவை ஒப்படைக்கும்போதும் ஒவ்வாமை விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். முறுக்கு, லட்டு போன்றவற்றை முன்கூட்டியே பொட்டலமிட்டு ஸ்டாலில் வைத்து விற்பதாக இருந்தால், ஒவ்வொரு பொட்டலத்திலும் உணவின் பெயரும் முழுச் சேர்மானப் பட்டியலும் இருக்க வேண்டும். ஒவ்வாமைப் பொருட்களைத் தடித்த எழுத்து போன்ற வகையில் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும். 2016இல் எள் கலந்த ரொட்டியைச் சாப்பிட்டு இறந்த நடாஷா என்ற 15 வயதுச் சிறுமியின் பெற்றோர் போராடிப் பெற்ற சட்டம் இது. 1 அக்டோபர் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆய்வுக்கு வருபவர் சமையலறையின் அழகைப் பார்ப்பதில்லை. கை கழுவ சோப்பும் வெந்நீரும் இருக்கின்றனவா, பச்சை இறைச்சி தனியாக இருக்கிறதா, ஃபிரிட்ஜ் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, சூடாகப் பரிமாறும் உணவு 63 டிகிரிக்குக் குறையாமல் இருக்கிறதா என்பவற்றைப் பார்ப்பார். இவற்றை நீங்கள் எழுதி வைக்கிறீர்களா என்றும் கேட்பார். உணவுத் தர முகமை இலவசமாகத் தரும் 'சேஃபர் ஃபுட் பெட்டர் பிசினஸ்' கோப்பை நிரப்பி வைத்தாலே எழுத்து வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். 0 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள்.

பதில் 3

வரி பற்றிச் சுருக்கமாக: ஒரு வரி ஆண்டில் செலவைக் கழிக்காத மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு ஏப்ரல் 5இல் முடிந்த பின் வரும் அக்டோபர் 5க்குள் வரித்துறையில் சுயதொழில் செய்பவராகப் பதிவு செய்ய வேண்டும். உதவிக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கான எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (வேலையாளுக்குக் காயமோ நோயோ நேர்ந்தால் இழப்பீடு தரும் காப்பீடு) கட்டாயம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. விசா நிபந்தனையைப் பார்த்துவிட்டேன். தடை எதுவும் இல்லை. கவுன்சில் படிவத்தையும் அனுப்பிவிட்டேன். என் பெருங்காய டப்பாவிலும் கோதுமை மாவு இருக்கிறது. ஒரு சந்தேகம்: 40 பேருக்குப் பிரியாணி என்றால் முதல் நாள் இரவே சமைத்து வைக்கலாமா?

பதில் 2

கூடுமானவரை வேண்டாம், சகோதரி. வெந்த சோறு மெல்ல ஆறும்போது அதில் பெருகும் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பெரிய அண்டாவில் மூடி வைத்த சோற்றின் நடுப்பகுதி விடியும் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். மசாலாவை முதல் நாள் செய்து, ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி விரைவாக ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். அரிசியை அன்று காலையில் வேகவைத்து, தம் போட்ட சூட்டிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். உணவு வெப்பமானி ஒன்றை முதல் ஆர்டருக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.