மூன்று ஒலி டிடெக்டர்: எந்த பீப்பைத் தோண்டுவது? (கத்திரித் தோட்டத்தில் விழுந்த மோதிரம்)

செம்மண்காடு (கேள்வி):
வணக்கம். இரவல் வாங்கிய காரெட் ஏஸ் 250 மெட்டல் டிடெக்டர் கையில் இருக்கிறது. ஐந்து சென்ட் கத்திரித் தோட்டத்தில் களை எடுக்கும்போது அரைப் பவுன் மோதிரம் விழுந்துவிட்டது. கல் வைக்காத, வளையம் மூடிய மோதிரம். மண் செம்மண். காயின்ஸ் மோடில், சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) முழுசாக வைத்துத் தேடுகிறோம். மூன்று சிக்கல்:
1. மோட்டார் ரூம் பக்கம் போனால் சும்மாவே கத்துகிறது.
2. ஒரே இடத்தில் ஒருமுறை வீசினால் தாழ்ந்த (கீழ்) ஒலி, மறுமுறை வீசினால் உயர்ந்த (மேல்) ஒலி.
3. பீப் வந்த இடத்தில் தோண்டினால் ஒன்றும் கிடைப்பதில்லை.
விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேல்ஸ்தாயி:
முதலில் மோடை மாற்றுங்கள். காயின்ஸ் மோடு இரும்பை மட்டும் ஒதுக்குவதில்லை. அலுமினியத் தாள், குளிர்பான டின்னின் திறப்பு வளையம் போன்றவை சேரும் நடு வரிசையையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். தங்க மோதிரம் சேர்வதும் பெரும்பாலும் அதே வரிசையில்தான். மோதிரத்துக்கு நேர் மேலே காயில் (தண்டின் அடியில் இருக்கும் தேடும் தட்டு) போனாலும் மிஷின் வாய் திறக்காமல் இருக்கலாம். ஆல் மெட்டல் அல்லது ஜுவல்லரி மோடுக்குப் போங்கள்.

ஒலிகளின் கணக்கு இதுதான். கீழ் ஒலி என்றால் இரும்பு: ஆணி, கம்பி, உடைந்த களைக்கொத்து. நடு ஒலி என்றால் தங்கம், மாத்திரை அட்டைத் தாள், மெல்லிய அலுமினியம். மேல் ஒலி என்றால் வெள்ளி, செம்பு, கனமான பித்தளை. கொலுசு விழுந்திருந்தால் இந்த ஒலிதான் வரும். தங்கத்துக்கென்று தனி ஒலி எந்த மிஷினிலும் கிடையாது. அதனால் நடு ஒலி ஒவ்வொன்றையும் தோண்டியே ஆகவேண்டும். இதில் குறுக்கு வழி இல்லை.

தோட்டத்தில் இறங்குமுன் காதைப் பழக்குங்கள். அதே எடையுள்ள இன்னொரு மோதிரத்தைத் தடித்த நூலில் கட்டி 5 செ.மீ., பிறகு 10 செ.மீ. ஆழத்தில் புதைத்து வீசிப் பாருங்கள். பக்கத்தில் ஓர் ஆணி, ஒரு சோடா மூடி, ஒரு மாத்திரை அட்டை, ஒரு ரூபாய் நாணயம், எல்லாம் ஒரு முழம் தள்ளித் தள்ளி. இப்போதைய ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டுகிற எஃகு என்பதால் பல சமயம் கீழுக்கும் மேலுக்கும் தாவும்.

வரப்பு_வாசி:
இரண்டாவது சிக்கல்: ஒலி தாவினால் அந்த இடத்தைச் சுற்றி 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். படுத்துக் கிடக்கும் ஆணி ஒரு திசையில் ஒரு மாதிரியும், குறுக்கே இன்னொரு மாதிரியும் கத்தும், அல்லது விட்டு விட்டுக் கேட்கும். மோதிரம் எந்தப் பக்கத்திலிருந்து வீசினாலும் அதே நடு ஒலியைச் சுருக்கமாக, வெட்டினாற்போல் தரும். சோடா மூடிதான் ஏமாற்றும். காயிலை நாலு விரல் உயர்த்திப் பாருங்கள், அதன் ஒலி கரகரத்து உடையும்.

வீச்சையும் கவனியுங்கள். காயில் தரைக்கு இணையாக 2–3 செ.மீ. மேலே போகவேண்டும். ஊஞ்சல் மாதிரி இரண்டு ஓரத்திலும் தூக்கினால் செம்மண்ணிலுள்ள இரும்புச் சத்தே பொய் பீப் கொடுக்கும். ஒரு மீட்டர் அகல வீச்சுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகட்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் 10 செ.மீ.க்கு மேல் முன்னேறாதீர்கள். காயிலின் பார்வை ஆழத்தில் கூம்பாகக் குறுகும்.

மேல்ஸ்தாயி:
மோட்டார் ரூம் பிரச்சினை மின் இரைச்சல். காயிலை இடுப்பு உயரத்தில் ஆடாமல் பிடியுங்கள். அப்போதும் கத்தினால் மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மோட்டாரையும் மின்வேலியையும் நிறுத்துங்கள், செல்போனை வரப்பில் வைத்துவிடுங்கள், எட்டுக் கட்டத்தில் இருக்கும் சென்சிட்டிவிட்டியை ஐந்துக்கு இறக்குங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், குறையட்டும். களை எடுக்கையில் விழுந்தது ஒரு சாணுக்குக் கீழே போயிருக்காது. காயில் ஒயர் தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். தொங்கினால் ஒவ்வொரு வீச்சிலும் பொய் ஒலி வரும்.

வரப்பு_வாசி:
மூன்றாவது சிக்கல்: பொருள் இருக்கும் புள்ளியைக் காட்டும் பின்பாயிண்ட் பட்டனைப் பொருளுக்கு நேர் மேலே அமுக்கினால் குழம்பும். ஒரு சாண் தள்ளி, சத்தமில்லாத இடத்தில் அமுக்கிப் பிடித்து உள்ளே கொண்டு வாருங்கள். இடவலமாக ஒருமுறை, முன்பின்னாக ஒருமுறை. இரண்டிலும் சத்தம் உச்சமாகும் கோடுகள் வெட்டும் புள்ளியில் காயிலின் நடுவுக்குக் கீழே பொருள். மண்வெட்டியால் ஓங்கி வெட்டாதீர்கள், மோதிரம் நசுங்கும். கைக்கரண்டியால் வட்டமாக அள்ளி பிளாஸ்டிக் தாம்பாளத்தில் போடுங்கள். பிறகு குழியை மறுபடி வீசுங்கள். குழி அமைதியானால் பொருள் அள்ளிய மண்ணில் இருக்கிறது. மண்ணைப் பிடி பிடியாகக் காயில் முன்னே காட்டுங்கள். காட்டுகிற கையில் வளையல், மோதிரம், வாட்ச் கூடாது. 'தோண்டினால் ஒன்றுமில்லை' என்பதற்குப் பாதிக் காரணம், பொருளைக் குவியலோடு ஒதுக்கிவிட்டுக் குழியையே மேலும் ஆழமாக்குவதுதான்.

இன்னொன்று: பிடுங்கிய களையை எங்கே கொட்டினீர்கள்? ஈரமண் வேரோடு மோதிரமும் போயிருக்கலாம். அந்தக் குவியலை முதலில் பாருங்கள்.

செம்மண்காடு:
குவியல் கிழக்கு வரப்பில் கிடக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறோம். ஒரு சந்தேகம். வரப்புக்கு அந்தப்பக்கம் இடிந்த கல்மண்டபம் ஒன்று இருக்கிறது. அங்கேயும் வீசிப் பார்க்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பழங்காசு:
வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். சொந்த நிலத்திலேயே பழங்காசோ நகையோ புதையலாகக் கிடைத்தாலும், மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். நீங்கள் தொலைத்த மோதிரத்துக்கு இது பொருந்தாது.

வரப்பு_வாசி:
குவியலில் இல்லையென்றால், சணல் கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலப் பட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் சால் வழியே, பிறகு செடி இடைவெளியில் குறுக்கே. தோண்டிய இரும்பை அங்கேயே போடாமல் வாளியில் சேருங்கள். தேடி முடியும்வரை ரோட்டாவேட்டர் மட்டும் விடவேண்டாம். அது மோதிரத்தை இந்த மிஷினுக்கு எட்டாத ஆழத்துக்குத் தள்ளிவிடும்.