வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்றால், அறம் என்று தனியாக ஒன்று உண்டா?

கேள்வி (எழுதியவர்: ஐயப்பாடு)

நான் பணிபுரிந்த இடத்தில் மேலாளர் ஒருவர் செய்த கணக்குப் பிழைக்கு, வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞர் ஒருவர் பொறுப்பாக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார். கூட்டத்தில் இருந்த ஒன்பது பேருக்கும் உண்மை தெரியும். என்னையும் சேர்த்து யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டக் குறிப்பில் காரணம் 'பொறுப்பின்மை' என்று பதிவாயிற்று. ஒரு மாதம் கழிவதற்குள், அவரை நன்கு அறிந்தவர்களே "கொஞ்சம் அலட்சியமான பையன்தான்" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில், நீதி என்பது வலியவரின் நலனே என்று திராசிமாக்கஸ் அடித்துப் பேசுவதை முன்பு படித்தபோது எரிச்சல்தான் வந்தது. இப்போது அதற்கு என்ன மறுப்புச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. அறம் என்பது உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது அதிகாரம் தன் விருப்பத்துக்குச் சூட்டிக்கொண்ட கௌரவமான பெயரா? இறைநம்பிக்கையை மட்டுமே சார்ந்த விடைகளைத் தவிர்க்க வேண்டுகிறேன். கடவுள் கட்டளையிட்டதால்தான் ஒன்று சரியாகிறது என்றால், அதுவும் எல்லாரினும் வலிய ஒருவரின் ஆணையாகவே முடிகிறது.

மறுமொழி 1 (எழுதியவர்: பழைய ஏடு)

திராசிமாக்கஸ் சறுக்கும் இடத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஆள்பவர் தம் நலன் எதுவென்பதில் தவறக்கூடுமா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். தவறலாம் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். "ஆள்பவர் தம் நலன் என்று எதை நினைக்கிறாரோ அதுவே நீதி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழியை உடனிருந்த கிளைட்டோஃபோன் எடுத்துக் கொடுத்தும் அவன் அதை ஏற்பதில்லை. தவறு செய்யும் கணத்தில் ஒருவர் ஆள்பவரே அல்லர் என்கிறான். அதாவது, அரியணையில் இருக்கும் ஆளை அளப்பதற்கு அவருக்கு மேலே ஓர் அளவுகோல் அவனுக்கே தேவைப்படுகிறது.

வென்றவர் நீதிக்குப் பேர்போன எடுத்துக்காட்டு, இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாஜித் தலைவர்கள்மீது வென்ற நாடுகள் நடத்திய நியூரம்பெர்க் விசாரணை. ரஷ்யாவில் 'காட்டின்' (Katyn) என்னும் இடத்து வனத்தில் போலந்து அதிகாரிகளைக் கொன்றது ஜெர்மானியர் என்று 1945ஆம் ஆண்டுக் குற்றப்பத்திரிகையில் சோவியத் தரப்பு சேர்த்தது. உண்மையில் அவர்களை 1940இல் கொன்றது சோவியத்தின் ரகசியக் காவல் துறையே. சோவியத் நீதிபதியும் அமர்ந்திருந்த அந்த மன்றம், 1946ஆம் ஆண்டுத் தீர்ப்பில் 'காட்டின்' படுகொலையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. மாஸ்கோ உண்மையை ஒப்புக்கொள்ள 1990 ஆயிற்று. தண்டனை யாருக்கு என்பதை அதிகாரம் முடிவு செய்தது, உண்மைதான். ஆனால் இதை நாம் 'அநீதி' என்று அழைக்கும்போது, அதிகாரம் வகுக்காத ஒரு நீதியைக் கொண்டுதானே அளக்கிறோம்?

மறுமொழி 2 (எழுதியவர்: எதிர்வழக்கு)

மேலே எழுதிய நண்பர் இரண்டு விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போடுகிறார். கொன்றது யார் என்பது நடந்த செய்தி. அதிகாரத்தால் அதை மறைக்க முடியும், மாற்ற முடியாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. கொலை அறமற்றது என்பதும் அப்படிப்பட்ட ஒரு செய்திதானா என்பதல்லவா கேள்வி? அதற்குக் 'காட்டின்' படுகொலை விடை தரவில்லை.

அதிகாரம் பொய்யை மட்டும் பரப்புவதில்லை. எதை இழப்பு என்று எண்ண வேண்டும், யாரை ஒரு பொருட்டாகக் கருத வேண்டும் என்பதையே அது வரையறுக்கிறது. 1833இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது, இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுண்டும் உடைமையாளர்களுக்கே போயிற்று. விடுவிக்கப்பட்டவர்களுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை. மாறாக, அவர்களில் பெரும்பாலோர் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் 1838 வரை பழைய முதலாளிகளுக்கே கூலியின்றி உழைக்க நேர்ந்தது. இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடனின் எச்சம் 2015இல்தான் தீர்ந்தது. இழப்பு உடைமையாளருடையது என்று வாக்களித்தவர்களில் பலர் நேர்மையாகவே நம்பினார்கள் என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. இன்று நம் கண்ணுக்கு அது கொடுமையாகத் தெரிவது, நாம் அறத்தைக் கண்டுபிடித்துவிட்டதாலா, அல்லது வேறு ஒரு தரப்பு வலுப்பெற்றதாலா? இரண்டாவது விடைக்கே என் மனம் சாய்கிறது.

மறுமொழி 3 (எழுதியவர்: கரையோரம்)

எதிர்வழக்கு அவர்களின் கேள்வி வலுவானது. அதை முழுமையாகத் தீர்க்க என்னால் ஆகாது. ஆனால் அதிகாரம் மட்டுமே போதும் என்றால், அதிகாரம் உள்ளவர்கள் அறத்தின் மொழியை ஏன் இவ்வளவு விரும்பிக் கடன் வாங்குகிறார்கள்?

அப்படிக் கடன் வாங்க மறுத்த அரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கி.மு. 416இல் மீலோஸ் தீவை அடிபணியச் சொன்ன ஏதென்ஸின் தூதர்கள், இணையான வலிமை உள்ளவர்களிடையேதான் நீதி பேசப்படும், மற்றபடி வலியவர் இயன்றதைச் செய்வார், எளியவர் பொறுத்துக்கொள்வார் என்று வெளிப்படையாகவே கூறியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். தாங்கள் செய்யப்போவதுதான் நீதி என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். திராசிமாக்கஸைக் காட்டிலும் அவர்கள் தெளிவானவர்கள். தீவு வீழ்ந்தபின் பிடிபட்ட ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். பதினோர் ஆண்டுகளுக்குப் பின் தங்கள் கடற்படை அழிந்த செய்தி வந்த இரவில் ஏதென்ஸில் ஒருவரும் உறங்கவில்லை என்கிறார் இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியரான செனஃபோன். மீலோஸ் மக்களுக்கும் பிறருக்கும் தாங்கள் செய்தது இனித் தங்களுக்கு நேரும் என்று அஞ்சினார்கள். அதன்பின் ஏதென்ஸே முற்றுகையிடப்பட்டபோது அவர்கள் மனத்தில் ஓடியதாக அவர் எழுதுவது இன்னும் கூர்மையானது: பழிக்குப் பழியாக அல்லாமல், செருக்கினால் சிறிய நகரங்களுக்கு அநீதி இழைத்தோம் என்பதே அது.

கேள்வி கேட்டவரிடம் ஒன்று கேட்க வேண்டும். வெளியேற்றும் அதிகாரம் மேலாளரிடம் இருந்தபோது, 'பொறுப்பின்மை' என்ற சொல் எதற்கு? அதைத் தேர்ந்தெடுத்தது யார்?

கேள்வி கேட்டவரின் பதில் (ஐயப்பாடு)

மூவருக்கும் நன்றி. ஏதென்ஸ் மக்களின் அச்சம் அச்சம் மட்டுமே, அது அறத்துக்குச் சான்றாகாது என்று எதிர்வழக்கு அவர்கள் மறுக்கக்கூடும்; எனக்கும் அங்கே முழு நிறைவு இல்லை. இழப்பீட்டுக் கணக்கும் மனத்தை விட்டு அகலவில்லை.

கேட்ட கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். சொல் மேலாளருடையது, குறிப்பை எழுதிய கை என்னுடையது. 'கவனக்குறைவு' என்று போட்டால் போதாதா என்று அப்போது தயங்கிக் கேட்டேன். "அது யாருக்கும் நேர்வதுதானே, அதற்காக ஒருவரை அனுப்ப முடியாது" என்றார்.